வெங்காயம் இல்லாத மூன்று மாதம்

21 ஜனவரி 2008, திங்கள். நீடாமங்கலம்

இடுப்பு 103 செ.மீ. பிரஷர் 150/96. வெறும் வயிற்றில் சர்க்கரை 171, மூன்று மாதச் சராசரி 8.3. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூட, நல்லது குறைவு.

டாக்டர் மதிவதனி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மெட்டபாலிக் சிண்ட்ரோம். ஒண்ணு வந்தா சமாளிக்கலாம், அஞ்சும் கூட்டணி போட்டு வந்திருக்கு. வயசு முப்பத்தி மூணுதானா? என்ன வேலை?"

சவூதியில், ஜுபைலில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், மீட்டரெல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது, என்றேன்.

"உங்க மீட்டரெல்லாம் சிவப்புல நிக்குது, அஸார். பொண்ணு இருக்குல்ல? அதுக்கு அம்மா இல்ல. மூணு மாசம் டைம். மாத்திரை, நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடு. இல்லன்னா ஊசிக்குப் போவணும். அதுக்கப்புறம் ஹார்ட்டு."

சரி என்றேன். எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் சரிதான்.

22 ஜனவரி

இடுப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். மவுத்தான வீட்டில், சாவு விழுந்த வீட்டில், மூன்று நாள் அடுப்பு எரியக் கூடாது, தெரு சோறு அனுப்பும். போன மே மாதம் என் மனைவி ஷமா நாலே நாள் காய்ச்சலில் போனாள். நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒன்பது மணி நேரம். அப்புறம் சவூதிக்குத் திரும்பிப் போகவில்லை. அன்று வர ஆரம்பித்த சோற்றுக் கேரியர் நாலாவது நாள் நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை. வீட்டுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்திருக்கிறார்கள். நெய்ச்சோறு, தால்ச்சா, குழம்புக்குக் கறி ஆணம். வெள்ளிக்கிழமை, தெருவுக்கே அக்காவான லத்தீஃபா லாத்தாவின் வட்டலாப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாக ஒரு கிண்ணம் நிறைய.

வேண்டாம் என்றால் உட்கார்ந்து ஆறுதல் சொல்வார்கள். அதைக் கேட்பதைவிடத் தின்றுவிடுவது சுலபம். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

24 ஜனவரி

மாமி — ஷமாவின் உம்மா, சைத்தூன் பீவி — மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு பக்கம் இருக்கட்டும் மாப்ள. பாபநாசத்துல பஞ்சநதம் டாக்டரு ஹோமியோபதி குடுக்கறாரு. என் முட்டியப் பாத்தீங்கல்ல?" என்றார்.

பார்த்தேன். நொண்டிக்கொண்டுதான் நடக்கிறார். சரி என்றேன்.

27 ஜனவரி, ஞாயிறு

பாபநாசம். மதிவதனி டாக்டர் மூன்று நிமிடம். பஞ்சநதம் ஒன்றேகால் மணி நேரம். இடி சத்தத்துக்குப் பயமா? பொருளை எடுத்த இடத்தில் வைப்பீங்களா? யாராவது ஆறுதல் சொன்னா எரிச்சல் வருமா? ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் நிரப்புவது மாதிரி வரிசையாகப் பதில் சொன்னேன்.

"எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"இடது ஓரம்."

"ஏன்?"

"வலது அவங்க பக்கம்."

"சவூதியில?"

"அங்க ஒத்தக் கட்டிலு. அங்கயும் அப்படித்தான்."

எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் போய்விட்டது. கிளம்பும்போது சொன்னார்: "டாக்டரம்மா குடுத்த மாத்திரைய ஒரு வேளை நிறுத்துனீங்கன்னாலும் நான் உங்கள பாக்க மாட்டேன். இது அதுக்குத் துணை. அதுக்குப் பதிலு இல்ல."

28 ஜனவரி

சர்க்கரை நோய்க்குச் சர்க்கரை உருண்டை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் உருண்டை மொத்தமும் லாத்தாவின் வட்டலாப்பத்தில் கால் கரண்டிக்குக் காணாது. மருந்து எவ்வளவு நீர்த்தது என்றும் போட்டேன். மேட்டூரில் ஒரு சொட்டு விட்டுத் தரங்கம்பாடிக் கடலில் மொண்டால்கூட இதைவிடக் காட்டமாக இருக்கும். இதை அளக்க ஜுபைலில் கருவி கிடையாது.

போட்டுக்கொண்டேன். இனிப்பாக இருந்தது. இனிப்பு என்று தெரிந்தது — எழுதி வைக்கிறேன்.

1 பிப்ரவரி, வெள்ளி

மருந்தோடு தந்த அச்சடித்த சீட்டில், 'வெங்காயம், பூண்டு, காபி, அத்தர் தவிர்க்கவும்' என்று பெரிய எழுத்து. 'மருந்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம்' என்று அதற்குக் கீழே பொடி எழுத்து. மாமி பெரிய எழுத்தை மட்டும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

லத்தீஃபா லாத்தா கேரியரோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "வெங்காயம் இல்லாம ஆணமா? அதுக்கு வெந்நியக் காச்சி ஊத்திக் குடுத்துடலாம். பூண்டும் ஆவாதாமே. எந்த ஊரு வைத்தியம்டி இது, சைத்தூன்?"

கேரியர் திரும்பிப் போனது.

பொடி எழுத்தை நான் படித்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2 பிப்ரவரி

கேரியர் இல்லை.

3 பிப்ரவரி

இல்லை. நானே கீரையும் பருப்பும் வேக வைத்தேன். அனீஸா ஒரு வாய் வாங்கிவிட்டு, "அத்தா, இது யார் வூட்டு சோறு?" என்றாள். நம்ம வீட்டுது என்றேன். நம்பவில்லை. நாலு வயதுதான் ஆகிறது, அதில் எட்டு மாதம் தெருச் சோறு.

11 பிப்ரவரி

காலையில் வெண்ணாற்றுக் கரையில் நடை. அறுவடை நேரம், எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு மீரா உசேன் பாய் மளிகைக் கடையில் இருந்தபடியே, "என்ன தம்பி, தினம் அந்தப் பக்கமே போற, எதையாவது தொலைச்சிட்டியா?" என்கிறார். அவருக்கு என்னைவிட இடுப்பு ஒரு சுற்று அதிகம். கல்யாணம் பண்ணாமல், தொண்ணூறு வயது உம்மாவோடு இருக்கிறார். நீங்களும் வாங்க பாய் என்றேன். கடையை யார் பார்ப்பது என்றார்.

9 மார்ச்

அனீஸா ஹோமியோ பாட்டிலை மொத்தமாக வாயில் கவிழ்த்துவிட்டாள். நல்லவேளை, டாக்டர் மாத்திரை மேல் அலமாரியில். ஆனாலும் — உசுரே போயிடுச்சு. பஞ்சநதம் டாக்டருக்குப் போன் போட்டேன். இவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?

பஞ்சநதம் நிதானமாக, "பாட்டில் முழுசும் தின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

"அப்ப நாலு உருண்டை தின்ன எனக்கு என்னங்க ஆகும்?"

அவர் சிரித்துவிட்டார். நானும். மாமி அடுக்களையிலிருந்து ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனிமேல் இரண்டு பாட்டிலும் மேலே.

21 ஏப்ரல்

இடுப்பு 95. பிரஷர் 132/84. சராசரி 6.7.

மதிவதனி: "மாத்திரையும் நடையும். விட்டுடாதீங்க." மாமி: "உருண்டை." லாத்தா: "சோறு போடாம கொன்னா எவன்தான் எளைக்க மாட்டான்?"

வேலையில் ஒரு மீட்டரில் நாலு திருகுகளை ஒரே நேரத்தில் திருப்பிவிட்டு எது சரிசெய்தது என்று ரிப்போர்ட் எழுதினால் ஃபோர்மேன் கிழித்துப் போட்டுவிடுவான். நான் எழுதவில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஒருவர் கேட்டதை எந்தத் திருகில் சேர்ப்பது என்றும் தெரியவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

பாபநாசம். பஞ்சநதம் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்ப எந்தப் பக்கம் படுக்கறீங்க?" என்றார். அனீஸா கட்டிலில் குறுக்கே படுக்கிறாள், மிச்சமிருப்பது என் பக்கம் என்றேன். எழுதிக்கொண்டார்.

6 மே

மீரா உசேன் பாயின் உம்மா இன்று மவுத். பாய் கடைப் பலகையை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்தான் மூடினேன்.

முதல் நாள் சோறு எங்கள் வீட்டிலிருந்து என்று சொல்லிவிட்டேன். மாமி, "யாரு ஆக்குறது?" என்றார். ஐந்து கிலோ வெங்காயத்தோடு முற்றத்தில் உட்கார்ந்தேன்.

லாத்தா வந்து பார்த்தார். "மருந்து கெட்டுப்போவாதா தம்பி?"

"அரை மணி நேரம்தான் லாத்தா. சீட்டுல போட்டிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

லாத்தா என்னையே பார்த்தார். "பாவி, மூணு மாசம் தெருவையே ஏமாத்தியிருக்கியே" என்றபடி உட்கார்ந்து, என் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். "இப்படியா அரியிறது? தடி தடியா."

தெருவில் சொல்லியாகிவிட்டது. பாய்க்கு மூன்று நாள் சோறு, அதற்கு மேல் யாரும் கேரியர் தூக்கக் கூடாது. நாலாவது நாள் காலை ஆறு மணிக்கு நான் போய் அவர் கதவைத் தட்ட வேண்டும். ஆற்றங்கரை வரைக்குமாவது வருவார்.