ஓய்வூதியத்துக்காக ஒரு விவாகரத்து

மார்ச் 3, 2005
என் கணவன் ராய்ஸ் டென்வர் விமானத்தை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. விமானிகள் சங்கத்தில் பேச்சு இதுதானாம்: விமானக் கம்பெனி விமானிகளின் ஓய்வூதிய நிதியைக் கைகழுவப் பார்க்கிறது. அப்படி நடந்தால் அரசுக் காப்பீடு கொஞ்சம் தரும், மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது.

மார்ச் 6
அண்ணன் ஆல்வின் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியோடு வந்திருந்தான். அப்பாவும் சரி, அவனும் சரி, சரக்கு ரயில் ஓட்டியவர்கள். ரயில்காரர்களுக்கென்று அரசாங்கமே தனியாக ஓய்வூதியம் நடத்துகிறது. எந்த ரயில் கம்பெனி மூழ்கினாலும் மாதம் பிறந்தால் அண்ணனுக்குப் பணம் வந்துவிடும்.

“ஏன் மாப்ள, தரையில ஓட்டுற எங்களுக்கு இருக்கு. வானத்துல ஓட்டுற உங்களுக்கு ஏன் இல்ல?”

“நாங்க கேக்கல. எங்க சம்பளத்துக்கு அரசாங்கத்துக்கிட்ட போய் நிக்கிறது கௌரவக் குறைச்சல்னு நெனச்சோம்” என்றான் ராய்ஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மார்ச் 15
இன்று தெரிந்துகொண்டது. விமானி அறுபது வயதில் வேலையிலிருந்து இறங்கியே ஆக வேண்டும், அது அரசாங்கச் சட்டம். அறுபத்தைந்துக்கு முன்னால் ஓய்வு பெற்றால் காப்பீட்டுத் தொகையில் வெட்டு, அதுவும் அரசாங்கச் சட்டம். இறங்குடா என்று தள்ளிவிட்டு, ஏன் சீக்கிரம் இறங்கினாய் என்று அபராதம் போடுவதா? இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?

மார்ச் 22
ராய்ஸ் ஒன்று சொன்னான். எப்படி எழுதுவது?

விவாகரத்து ஆனால், கோர்ட் உத்தரவுப்படி கம்பெனி ஓய்வூதியத்தை மொத்தமாக இப்போதே மனைவி கையில் கொடுத்துவிட வேண்டுமாம். அவன் வேலையை விட வேண்டியதில்லை. நிதி மூழ்கினாலும் எங்கள் பணம் கரையேறிவிடும். அப்புறம் மறுபடி கல்யாணம். அவனுடைய விமானி நண்பன் கஸ் அதைத்தான் செய்திருக்கிறானாம். இப்படி நிறையப் பேர் இருக்கிறார்களாம்.

“வெறும் காகிதம்தான், லியோனா. வேற எதுவும் மாறாது.”

முப்பத்தொரு வருடக் கல்யாணமும் காகிதத்தில்தானே இருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 23
சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9
இருவரில் ஒருவர் சாட்சி சொன்னால் போதும் என்றார் வக்கீல். ராய்ஸுக்கு இன்று விமானம் இருந்தது. காலையில் அவனுடைய ராத்திரிச் சாப்பாட்டுக்கு இறைச்சியில் மசாலா தடவி வைத்துவிட்டு, கோர்ட்டுக்குத் தனியாகப் போனேன்.

நீதிபதி என்னைவிட இளையவள். “சேந்து வாழ வழியே இல்லையாம்மா?” என்று கேட்டாள். சத்தியம் செய்த கையை நான் இன்னும் முழுசாக இறக்கவில்லை. “இல்லைங்க” என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது.

ஜூலை 20
பணம் என் பெயருக்கு வந்துவிட்டது. ராய்ஸ் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். இன்று ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகஸ்ட் 11
தூக்கம் போயிற்று. கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விவாகரத்து ஆனவர்களில் யார் யார் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்களாம். மறுபடி கல்யாணம் செய்துகொண்ட கஸ் மேல், பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார்கள். ராய்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறான். கொஞ்ச நாளைக்குத்தான் என்கிறான். எத்தனை நாள் என்றால் கொஞ்ச நாள்?

அக்டோபர் 2
ராய்ஸ் வந்தான். மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றான். சாவி இருக்கிறதே என்றேன். யாராவது பார்த்தால் வம்பு என்றான். சரிதான். ஆனால் உள்ளே வந்த பிறகும் எங்கே உட்காருவது என்று கேட்பது போல் ஏன் நின்றான்?

நவம்பர் 14
ராய்ஸ் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினானாம். ரயில்காரர்களுக்கு இருப்பதுபோல் விமானிகளுக்கென்று அரசு ஓய்வூதியம் வேண்டும், எந்தக் கம்பெனி போனாலும் அது நிற்க வேண்டும் என்று. ஒரு சின்னப் பையன், “கிழவங்களுக்கு நாங்க ஏன் கட்டணும்?” என்று கேட்டானாம். குழு போட்டு ஆராயலாம் என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு இது அண்ணன் சொல்லித்தான் தெரியும். ராய்ஸ் அவனிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறான். முன்பெல்லாம் விமானத்தில் கொடுத்த காபி ஆறிப்போனதைக்கூட என்னிடம் சொல்வான்.

ஏப்ரல் 5, 2006
நிதியைக் கைவிடப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்துவிட்டது. எல்லோருடைய ஓய்வூதியமும் பத்திரம்.

அப்படியென்றால் நாங்கள் விவாகரத்தே செய்திருக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 30
ராய்ஸுக்கு அடுத்த வாரம் அறுபது. கேப்டனின் கடைசி விமானத்தில் மனைவியை முன் இருக்கையில் உட்கார வைப்பது வழக்கம். இறங்கியதும் தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி வளைவு கட்டும். நான் மனைவி இல்லை. அவனும் கூப்பிடவில்லை. வழக்குகள் முடியாததால்தான் கூப்பிடவில்லை. அதனால்தான் இருக்கும்.

அக்டோபர் 6
அவனிடம் சொல்லாமல் நானே டிக்கெட் வாங்கினேன். கடைசிக்கு முந்தைய வரிசை. தரையிறங்கியதும் ஜன்னலில் தண்ணீர் விழுந்தது. மழையா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

விமானி அறை வாசலில் ராய்ஸ் நின்று, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கம்பெனி அதிகாரிகள் இருவர், பூங்கொத்தோடு. என் முறை வந்தது. என்னைப் பார்த்தான். முகத்தில் எதுவுமே மாறவில்லை.

“நன்றி மேடம். பாத்துப் போங்க.”

“நன்றி, கேப்டன்” என்றேன்.

அதிகாரிகளுக்காக அப்படிச் சொன்னானா என்று கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்து கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கேட்பதற்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.