பெருமாளுக்கு அடியில் சீனத் தேயிலை

அன்பான உனக்கு,

இன்று காலை பத்து மணிக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நாற்காலியில் நான், கொலு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மருமகள் வசந்தி, பெட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த பெருமாள், இன்னும் பழைய வேட்டித் துணிக்குள் சுருண்டு கிடந்த செட்டியார் பொம்மையும் அவர் சம்சாரமும். வேறு யாரும் இல்லை. பதினோரு வருஷமாக இந்தப் பட்டியலில் உன் பெயரும் இருந்தது. இது நீ இல்லாத முதல் கொலு.

அந்த நோட்டு உனக்குத் தெரியும். எந்தப் படியில் எந்தப் பொம்மை, உயரத்துக்கு அதன் அடியில் என்ன வைத்தது, பால்பவுடர் டின்னா, செங்கல்லா, பழைய ஆல்பமா என்று எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருக்கிறேன். படித்துச் சொல்கிறேன் என்று நீ எத்தனையோ தடவை கை நீட்டினாய். என் எழுத்து உனக்குப் புரியாது என்று சொல்லி நான் கொடுத்ததே இல்லை. இன்று என் முழங்கால் மடங்க மறுத்ததால் வசந்தியிடம் கொடுத்தேன்.

"மூணாம் படி, நடுவுல பெருமாள். அடியில சீனா," என்று படித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "சீனான்னா என்ன அத்தை?"

நான் பதில் சொல்வதற்குள் பெட்டியின் அடியிலிருந்த ரவிக்கைத் துணி மூட்டையை எடுத்துப் பிரித்துவிட்டாள். அந்துருண்டை வாசனை முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வேறொரு வாசனை, பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல. அதைச் சுவாசித்ததும் எனக்கு உன் வீட்டுக் கூடமும், பாயும், பச்சை டிரங்குப் பெட்டியும் ஞாபகம் வந்தன.

அது எண்பத்தாறாம் வருஷம். கப்பலில் இன்ஜினியராக இருந்த உன் வீட்டுக்காரர் அந்தத் தடவை உன்னையும் அழைத்துப் போயிருந்தார். நான்கு மாதம். புறப்படுவதற்கு முன் பாஸ்போர்ட்டை என்னிடம் காட்டினாய். ஐந்தாம் வகுப்போடு நின்று, மருந்துச் சீட்டையும் சோப்புக் கட்டி மேலுறையையும் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டக் கற்றவள் நான். உன் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். உனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு அதைத் தொட்ட கை எரிந்தது. நான் அதுவரை போன தூரம் ராமேஸ்வரம். அதுவும் மாமியாரின் அஸ்தியோடு.

திரும்பி வந்த மூன்றாம் நாள் மதியம் கூப்பிட்டு அனுப்பினாய். நீ, பின்வீட்டுக் கமலா அக்கா, கான்வென்டில் கணக்கு நடத்தும் மேரி டீச்சர், நான். பாயில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஊர்ப் பெயர் சொல்லி எடுத்து வைத்தாய். ஹாங்சோவின் தாமரைக்கிழங்கு மாவு, நம் கூவைக்கிழங்கு மாவு போலவே வெந்நீர் பட்டதும் கூழாகும் என்றாய். டியன்ஜின் ஊரில் ஜடை பின்னியதுபோல் முறுக்கிப் பொரித்த ஒரு பலகாரம். பீஜிங்கில் சர்க்கரைப் பாகில் ஊற வைத்து உலர்த்திய பழங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். ஷாங்காயில் வாங்கிய பால் மிட்டாய். அதன் உள்தாளைக் கமலா அக்கா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது தாள் இல்ல. அரிசியில பண்ணது. அப்படியே வாயில போடுங்க."

"நல்லாருக்குடி. சீனாக்காரன் தாளைத் தின்னேன்னு என் மருமக ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா."

மேரி டீச்சர் போட்டுப் பார்த்தார். "கரையுது கமலா. எங்க கோயில்ல குடுக்கிற அப்பம் மாதிரிதான் இருக்கு."

"அப்ப டீச்சர், நான் தின்னா உங்க சாமி கோச்சுக்க மாட்டாரே?"

நான் மட்டும் எதையும் தொடவில்லை. இதில் கறி கிறி கலந்திருக்குமா என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"அதுக்குத்தான்க்கா அங்க என் மானமே போச்சு. ஒவ்வொரு கடையிலயும் பேப்பர்ல பன்னி வரைஞ்சு, குறுக்க கோடு போட்டுக் காட்டினேன். ஒரு கடைப் பொண்ணு என் பன்னியப் பாத்துட்டு நாய்க்குட்டின்னு நினைச்சுக்கிட்டு, எங்க கடையில நாயெல்லாம் வராதுன்னு கையை ஆட்டுறா."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் என் மனசு அந்தக் கடையில் போய் நின்றது. நான் காணப்போகாத ஊரில், ஒரு கண்ணாடி மேஜையின் முன்னால், நீ பென்சிலால் படம் வரைந்துகொண்டு நிற்கிறாய். அதை நினைத்ததும் வாயில் புளிப்பு ஊறியது.

பிறகு பங்கு போட்டாய். மேரி டீச்சருக்கு ஃபூஜியன் பக்கத்து மல்லிகைத் தேயிலை, மஞ்சள் டின்னில். அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை எல்லாம் நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். கமலா அக்காவுக்குப் பட்டுத் துணி ஒட்டிய பெட்டியில் அந்தப் பழங்கள். கடைசியாக என் மடியில் ஒன்றை வைத்தாய். சின்னத் தோசை அளவுக்கு வட்டமாக, கெட்டியாக, மெல்லிய காகிதத்தில் சுற்றியது. சுற்றிலும் சிவப்பு எழுத்து, நடுவில் பச்சையாக ஒரே எழுத்து. நான் படிக்கிற மாதிரி ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

"இது உங்களுக்குன்னு தனியா யோசிச்சு எடுத்ததுக்கா. தேயிலையை ஆவியில வேகவச்சு அமுக்கினது. வெறும் இலை, வேற ஒண்ணும் கிடையாது. யுன்னான் மலையிலேருந்து கான்டனுக்கு வருதாம். வைக்க வைக்க ருசி ஏறுமாம்."

கமலா அக்கா எட்டிப் பார்த்தார். "இந்த வரட்டிக்கா சீனா வரைக்கும் போனே? சேலையூர் மாட்டுக்கொட்டாயில கேட்டா சும்மா குடுப்பானே."

"வைக்க வைக்க ருசின்னா அடுத்த ஜன்மத்துல குடிச்சிக்கலாம்," என்றார் மேரி டீச்சர்.

நீயும் சிரித்தாய். அதைத்தான் நான் மறக்கவில்லை. அவர்கள் இருவரும் சிரித்தது எனக்கு அன்று மாலைக்குள் மறந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்துத் தெருக் குழாயடியில் கேட்டாய். "டீ போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேனே. நல்லாருந்துச்சு."

"எப்படி உடைச்சீங்க?"

"அம்மிக் குழவியாலதான்."

"முதல் தண்ணியக் கொட்டிட்டீங்கல்ல? ரெண்டாவது தண்ணிதான் குடிக்கணும்."

"எல்லாம் கொட்டினேன்."

வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் பூஜை செய்கிறவள், இவ்வளவு சரளமாகப் பொய் சொன்னேன். அடுத்த தடவை கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றேன். அந்த வருஷம் கொலுவில் பெருமாள் ஒரு விரல் குட்டையாக நின்றார். நீ கொடுத்த தேயிலை வட்டு சரியான உயரமாக இருந்தது. துணியில் சுற்றி அடியில் வைத்து, மேலே ஜரிகைத் துண்டை விரித்தேன். பெருமாளுக்கு அடியில் இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேரி டீச்சரின் மஞ்சள் டின்னும் கமலா அக்காவின் பட்டுப் பெட்டியும் அவரவர் ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. அந்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அவற்றைப் பார்க்காததுபோல் பார்ப்பேன்.

நீ ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே கொலுவுக்கு வந்தாய். பெருமாளுக்கு நேராகத்தான் உட்காருவாய். பாடத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பாடுவாய். சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்குவாய். ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு கொலுவில், பாட்டின் நடுவே எழுந்தாய்.

"பெருமாள் கொஞ்சம் சாஞ்சிருக்காருக்கா."

நான் எழுவதற்குள் ஜரிகைத் துண்டுக்குள் உன் கை போய்விட்டது. அடியில் இருந்ததைத் தடவினாய், கொஞ்சம் நகர்த்தினாய், பெருமாளை நிமிர்த்தினாய். உன் கை அங்கே இருக்க வேண்டியதைவிட ஒரு நொடி அதிகமாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடினாய். அன்று சுண்டலை இரண்டாம் தடவை கேட்டாயா என்பதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை. மற்ற எல்லா வருஷமும் ஞாபகம் இருக்கிறது.

போன வருஷம் கொலு முடிந்த பிறகு உனக்கு வயிற்றில் புற்று என்றார்கள். உன் முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். நான் தினம் சாயங்காலம் ரசம் கொண்டுவருவேன். ஒரு சனிக்கிழமை கிண்ணத்தைத் தள்ளி வைத்தாய்.

"எதைத் தின்னாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்குக்கா. கான்டன்ல உங்களுக்குத் தேயிலை வாங்கின கடைக்காரர் சின்னக் கிண்ணத்துல அந்த டீயை ஊத்திக் குடுத்தாரு. மழை விட்டப்புறம் தோட்டத்துக்குப் போனா வருமே, அந்த வாசனை. அது ஒரு வாய் கிடைச்சா தேவலாம்னு இருக்கு. உங்ககிட்ட ஒரு துண்டு கிண்டு இருக்குமா?"

"அது எப்பவோ தீந்து போச்சேம்மா. எத்தனை வருஷமாச்சு."

என்னைப் பார்த்தாய். "ஆமால்ல," என்றாய். "பரவால்லக்கா. சும்மா கேட்டேன்."

பொய் வெளியாகிவிடும் என்ற வெட்கத்தால் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமாள் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் மீதியையும் எழுதிவிடுகிறேன். நீ என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. எனக்குத்தான் உன்னிடம் கேட்கவும் பார்க்கவும் இருந்தது. அன்று முதல் தடவையாகக் கேட்டவள் நீ, வைத்திருந்தவள் நான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. உன் முகம் வற்றிப்போய் இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் இனித்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அது கசந்துவிட்டது. "பரண்ல தேடினேன், ஒரு துண்டு இருந்துச்சு" என்று சொல்ல வேண்டிய வார்த்தையைக்கூடத் தயார் செய்தேன். ஆனால் சனிக்கிழமை என்பதால் விளக்கேற்றி, பாசுரம் சொல்லி, அதன் பிறகு பெட்டியை இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். முடித்துவிட்டு வாசலுக்கு வந்தால் உன் வீட்டு முன்னால் டாக்சி நின்றது. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். ஐந்து நாள். ஆறாம் நாள் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது தலை நிறைய மல்லிகை, நெற்றியில் காலணா அளவு குங்குமம். என் வீட்டுக்காரர் போய் அப்போது மூன்று வருஷம். உன் காலடியில் நின்று, அதற்கும் பொறாமைப்பட்டேன். நான் இத்தனை வருஷம் கும்பிட்டவரிடம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாயே என்று அதற்கு மேல் இன்னொரு பொறாமையும் பட்டேன்.

இன்று வசந்தி பிரித்ததும் நான் அம்மிக் குழவியை எடுத்துவரச் சொன்னேன். ஓரத்தில் தட்டினேன். பதினோரு வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யில் உடைந்தது போலவே உடைந்தது. உள்ளே இலை கறுத்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றி, நீ சொன்னபடி முதல் தண்ணீரைக் கொட்டினேன். இரண்டாவது தண்ணீர் பழுப்பாக இறங்கியது. பால் விடவில்லை.

வசந்தி முகர்ந்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "அத்தை, அந்துருண்டை நாத்தம் அடிக்குது. கீழ ஊத்திடுங்க."

"ஊத்தறேன்," என்றேன். இரண்டு வாய் குடித்தேன். அந்துருண்டைதான். ஒவ்வொரு வருஷமும் பெட்டிக்குள் நானே எண்ணிப் போட்ட உருண்டைகள். அன்று உனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் இதே ருசிதான் இருந்திருக்கும் என்று ஒரு சமாதானம் வந்தது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீ குடித்திருப்பாய், குடித்துவிட்டு "கான்டன் வாசனை கொஞ்சம் வருதுக்கா" என்று எனக்காகச் சொல்லியிருப்பாய். மூன்றாவது வாயில், அந்துருண்டைக்குப் பின்னால், ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. நீ சொன்ன மழை மண்ணா, என் நினைப்பா, தெரியவில்லை. அதற்குள் ஆறிவிட்டது.

மீதியைப் பழைய துணியிலேயே சுற்றி மூன்றாம் படியில் வைத்தாயிற்று. ஓரம் உடைந்ததால் பெருமாள் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறார். வசந்தி நிமிர்த்தப் போனாள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் கை போன இடத்தில் இனி வேறு கை போவதை என்னால் பார்க்க முடியாது. இதையும் பொறாமைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று கொலுவில் துணிக்குள் கை விட்டாயே, நீ தொட்டது எது என்று உனக்குத் தெரிந்ததா? தெரிந்துகொண்டுதான் கடைசியில் என்னிடம் ஒரு துண்டு கேட்டாயா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எனக்குத் தெரிய வேண்டும். கனவில் வந்து சொன்னாலும் போதும். சீக்கிரம் பதில் சொல்.

உன் அக்கா