யாருக்கு ஊதிய சங்கு

சிதம்பரம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பாலகுமாருக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ போனில் கூப்பிடும்போது அப்பா என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, போனும் அவர் சட்டைப் பையில்தான். அதனால்தான் அர்ச்சனை செய்யப் போகிறேன் என்று சொல்லி வந்து, கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றே கூரியரில் போட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். இதயத்தில் மூன்று அடைப்பு, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். உன்னிடம் சரி சரி என்றதெல்லாம் பொய்.

காரணம் நீதான். கோபமாகத்தான் எழுதுகிறேன். சூப்பர் ஹீரோ படத்து வில்லனுக்கு இதுவரை யாரும் கேட்காத சத்தம் வேண்டும் என்று போன மாதம் மைக்குப் பெட்டிகளோடு செம்மண்டலத்தில் நம் வீட்டுக்கு வந்தாய். சாவு வீடுகளில் சங்கு ஊதும் காத்தவராயனைத் தேவனாம்பட்டினத்திலிருந்து கூட்டிவந்து, மொட்டைமாடியில் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு ஊத வைத்தாய். சங்கோடு சேர்த்து அடிக்க அவர் கொண்டுவந்த சேகண்டியைத் தட்டித் தட்டி வாளித் தண்ணீரில் முக்கினாய். அந்த மனுஷன் முதலிலேயே சொன்னார்: "சாவு இல்லாத ஊட்ல ஊதக் கூடாது தம்பி. ஊதுனா சும்மா போவாது." நீ சிரித்தாய். நானும் பேசாமல் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி மாலையோடு ஓடிவந்தாளே, ஞாபகமிருக்கிறதா? வாசலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மாலையை கேட்டில் மாட்டிவிட்டுப் போனாள். அன்று எல்லாரையும் விட ஜாஸ்தி சிரித்தது அப்பாதான். பன்னிரண்டாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேற்று ரசம் சாதம் பிசைந்துகொண்டே, "எனக்குத்தான் சங்கு ஊதியாச்சே. இனிமே எதுக்கு அறுத்துகிட்டுக் கெடக்கணும்?" என்றார். இதையெல்லாம் நம்பாதவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். இப்போது மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டாலே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிடுகிறேன்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தச் சங்கு உங்களுக்கில்லை, படத்தில் சாகப்போகிற வில்லனுக்கு ஊதியது என்றேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "அவன் சாவுறானா? பாலு வந்து சொல்லட்டும், கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அவன் சாக மாட்டான், இரண்டாம் பாகத்தில் திரும்ப வருவான் என்று நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. உன் டைரக்டர் காலில் விழுந்தாவது அவனைக் கொன்றுவிடச் சொல். அவர் மாட்டேன் என்றால், வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து, அப்பா முகத்தைப் பார்த்து, அவன் செத்துவிட்டான் என்று பொய் சொல். உனக்குப் பொய் வராது, தெரியும். இந்த ஒரு தடவை பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வா, சாமி.

நடராஜர் சந்நிதியில் உன் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். விபூதியைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், இதோடு அனுப்பவில்லை. வந்து அப்பா கையால் இட்டுக்கொள்.

உன் அம்மா
ராமாமிர்தம்