அப்பா வழிச் சொத்து

அன்புள்ள வாலு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று உன் போட்டோக்கள் சொல்கின்றன, ஆனால் போட்டோவில் எல்லோருமே சௌக்கியம்தான், அதனால் நீயே ஒரு வரி எழுது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் முக்கியமான விஷயத்தை நான் ஆரம்பித்தால் உன் அம்மா பின்னாலிருந்து வெங்காய விலையைச் சொல்வாள், நீ மீட்டிங் என்பாய், நானும் சரிம்மா என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கடைசிவரை படி.

முதலில் நல்ல சேதி. லாண்டரி அத்தைக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. மார்பில் வந்த கட்டியை எடுத்து, மருந்தெல்லாம் ஏற்றி, இப்போது தலையில் புதிதாக முடி முளைத்திருக்கிறது, டென்னிஸ் பந்து மாதிரி. என் தங்கையல்லவா, அடங்குவாளா, மறுபடி கடையில் உட்கார்ந்து இஸ்திரி போடுகிறவரை விரட்ட ஆரம்பித்துவிட்டாள். ஐம்பது ஆவதற்குள்ளேயே வந்ததால், இது பரம்பரையாக வருகிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார். துணைக்கு நான் போனேன். வண்டி ஓட்டத்தான் போனேன், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வேறு எதற்கு ஆவான்.

ஆலோசகர் உன் வயதுப் பெண். பெரிய காகிதத்தை விரித்து, பெண்ணுக்கு வட்டம் ஆணுக்குச் சதுரம் என்று நம் குடும்பத்தையே வரைந்துகொண்டு, யார் யாருக்கு என்ன வியாதி, எந்த வயதில் என்று கேட்டாள். அங்கேதான் நம் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. நம் வீட்டில் எல்லா வியாதிக்கும் ஒரே பெயர்தானே, வாயு. மூட்டு வலித்தாலும் வாயு, முகம் வாடினாலும் வாயு. என் அப்பாவின் தங்கை எதனால் போனார் என்று கேட்டாள், வாயு என்றேன். என் அக்கா, நீ போட்டோவில் மட்டும் பார்த்த பெரியத்தை, எதனால் போனார் என்று கேட்டாள், அவங்களுக்கும் வாயுதாங்க என்றேன். லாண்டரி அத்தை என் பக்கம் திரும்பி, “ஏண்ணே, நம்ம வீட்ல மட்டும் காத்தடிச்சாலே ஆளு போயிடுமா?” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். “அக்கா புண்ணு கசியுதுன்னு ரவிக்கைக்குள்ள துணிய மடிச்சு வச்சுக்கிட்டு நடமாடினது நம்ம எல்லாருக்கும் தெரியும்ல, அத்தையும் அப்படித்தானே” என்றாள். தெரியும். மார்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அதனால் வாயு என்றாகிவிட்டது. அந்தப் பெண் எங்களைக் குறை சொல்லவில்லை, இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டு, அத்தைக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அத்தையின் ரத்தத்தில் ஒரு மரபணு மாறியிருப்பது தெரிந்தது. “நீங்களும் பாத்துக்கணும் சார்” என்றாள் ஆலோசகர். நான் ஆம்பளை, எனக்கு எதுக்கும்மா என்று மீசையைத் தடவினேன். மரபணு மீசையெல்லாம் பார்க்காதாம். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருமாம், ஆணுக்கும் அபூர்வமாக மார்பில் வரலாமாம், புராஸ்டேட்டிலும் வரலாமாம். சரி என்று கையை நீட்டினேன். எனக்கும் இருக்கிறது, வாலு. என் அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து இதுதான் போலிருக்கிறது. பதறாதே, எனக்கு வியாதி ஒன்றும் இல்லை. மார்பு ஸ்கேனுக்குப் போன இடத்தில் சுற்றிலும் பெண்கள், கவுண்டரில் பேஷண்டைக் கூப்பிடுங்க சார் என்றார்கள், நான்தாங்க பேஷண்ட் என்றேன், ஒரு பூப்போட்ட அங்கியைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலி அம்மாள் அந்தக் கலர் எனக்கு எடுப்பாக இருப்பதாகச் சொன்னார். உன் அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்து உன் அண்ணன். ஜிம்முக்குப் போய் மலை மாதிரி உடம்பை ஏற்றி வைத்திருக்கிறவன், ஊசியைப் பார்த்ததும் பொத்தென்று சாய்ந்தான், இரண்டு நர்சுகள் தாங்கிப் பிடித்தார்கள். அவனுக்கு இல்லை என்று வந்தது. சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, “பாதிக்குப் பாதின்னாங்களே, ரெண்டு பிள்ளைல அவனுக்கு இல்லன்னா அவளுக்குத்தானே” என்று அழுதாள். எனக்கும் அந்தக் கணக்கு சரிபோலவே பட்டது. ஆலோசகருக்குப் போன் போட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுகிற மாதிரியாம், அண்ணனுக்குத் தலை விழுந்ததால் தங்கைக்குப் பூதான் விழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையாம். அம்மா அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஆக, உனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் வியாதி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அடிக்கடி ஸ்கேன் பார்த்து ஆரம்பத்திலேயே பிடிக்கலாம், மருந்து இருக்கிறது, முன்கூட்டியே ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களும் உண்டு. எதுவும் வேண்டாம் என்றாலும் உன் இஷ்டம், உன் உடம்பு. ரத்தம் கொடுக்கக்கூட அவசரமில்லை, முதலில் போய்ப் பேசு. என் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதைக் காட்டினால் எதைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, பழகுகிறவர் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன். உன் விஷயத்தில் எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, அதனால்தான் இத்தனை பக்கம்.

என் ரிசல்ட் வந்த அன்று எனக்காக நான் பயப்படவில்லை, உனக்காகப் பயந்தேன். என் மூக்கைக் கொடுத்தேன், பிடிவாதத்தைக் கொடுத்தேன், கேட்காமலே இதையும் கொடுத்துவிட்டேனோ என்று திருடன் மாதிரி முழித்தேன். “நீங்க பாத்து எடுத்துக் குடுக்கல சார், மகளுக்குச் சொல்லிடுங்க, அது போதும்” என்றாள் அந்த ஆலோசகர்ப் பெண். சொல்லிவிட்டேன்.

உன் பெரியத்தைக்கு உன் வயதுக்கு மேல் நாலைந்து வருஷம்தான் கிடைத்தது. உனக்கு அது போதாது. நீ தலை நரைத்து, பல் கொட்டி, அப்பா சரியில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டு திரிகிற கிழவியாக வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கல்யாணத் தேதி கேட்டு உன்னைப் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நாளாகக் கேட்பதில்லை, கவனித்தாயா? அவளுக்கு இப்போது நீ ஆலோசகரைப் பார்க்கும் தேதி தெரிந்தால் போதும். மறக்காமல் அதைச் சொல், நான் டிக்கெட் எடுக்கிறேன். நீ உள்ளே போய்ப் பேசு, நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டி கட்டத் தயாராக இருக்கும்,
அப்பா