அழாதவளைப் புகழ்ந்தேன்

ஜூலை 3

"உங்க வீட்டுக்காரம்மா கடைசியா எப்ப அழுதாங்க?"

சுகாதார நிலையத்து நர்ஸ் ஹஸ்ஸியா இன்றைய கூட்டத்தில் கேட்ட கேள்வி இது. கணவன்மார் பள்ளியில் நாங்கள் பன்னிரண்டு பேர். மாதம் இரண்டு முறை வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்காருகிறோம். மனைவியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது, தண்ணீர் கொண்டுவருவது, அவள் வளர்க்கும் ஆட்டை அவளே விற்கட்டும் என்று விடுவது, இதெல்லாம் பேசிப் பேசிப் பழகிவிட்டோம். இந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் பாயைப் பார்த்தோம்.

சய்புதான் வாயைத் திறந்தான். "நேத்துக்கூட அழுதா. வெங்காயம் உரிச்சா."

சிரித்தோம். ஹஸ்ஸியா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியே நிறுத்தினாள். "வாத்தியாரே, சலிசு பொண்டாட்டி டெலு நாப்பத்தோரு கிலோதான் இருக்கா. மார்ச்சுல இருந்து பேச்சே இல்ல. உங்க பள்ளிக்கூடத்துல அவன்தானே முதல் மாணவன்?"

ஆமாம். அவன்தான் முதல் மாணவன்.

ஜூலை 4

மார்ச்சில் அவர்கள் குழந்தை இறந்துபோனது. நாலு வயதுப் பெண். கழுத்து விறைக்கும் காய்ச்சல், இரண்டே நாள். மூத்த குழந்தை. நம் ஹவுசாக்காரர்களில் பெற்றவர்கள் மூத்ததைப் பேர் சொல்லி அழைக்க மாட்டார்கள், பிறர் முன்னால் தூக்கிக் கொஞ்ச மாட்டார்கள். செய்தால் வெட்கம் கெட்டவர்கள் என்று பெயர். அது செத்தாலும் அழக்கூடாது. டெலு அழவில்லை. குழந்தையை எடுத்துப் போனபோது அவள் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் கூட்டத்தில் நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "பொறுமைக்கு உதாரணம் வேணுமா? சலிசு பொண்டாட்டியப் பாருங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா?" முப்பத்து நாலு வருஷம் உதாரணம் சொல்லியே பாடம் நடத்தியவன். எனக்கு இன்னொன்று கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அன்று மாலையே கிணற்றடியில் பெண்கள் அவளிடம் சொன்னார்களாம்: வாத்தியாரே உன்னைப் புகழ்ந்தார்.

அதற்குப் பிறகு அவள் அழ நினைத்திருந்தால், எங்கே போய் அழுவாள்?

ஜூலை 9

நல்ல மழை. ஊரே களையெடுப்பில். டெலு வரப்பில் நின்றுகொண்டேயிருந்தாள், மண்வெட்டி கையில் அப்படியே இருந்தது.

ஜூலை 12

சலிசுவின் காட்டுக்குப் போனேன். குனிந்தபடியே பேசினான்.

"நான் என்ன குறை வெச்சேன், வாத்தியாரே? கழிப்பறை கட்டினேன். கழுதை வண்டில தண்ணி கொண்டாறேன். 'டெலுவுக்குப் பொண்டாட்டி'ன்னு சய்பு கூப்பிடறான். அதையும் பொறுத்துக்கறேன்."

சய்பு அவனுக்கு அத்தை மகன். கேலி பேச அவனுக்கு உரிமை உண்டு.

"நீ அவகிட்ட என்ன பேசுவே?" என்று கேட்டேன்.

"சாப்பிடுன்னு சொல்வேன்."

"வேற?"

வெகுநேரம் களை பிடுங்கினான். "பேய் பிடிச்சிருக்குன்னு பெரியவங்க சொல்றாங்க. அவ அப்பா வீட்டுக்கு அனுப்பிடச் சொல்றாங்க. போனவாரம் அடுப்புல பானை தீஞ்சு கருகிருச்சு, பக்கத்துலயே உக்காந்திருக்கா. இன்னும் எத்தனை நாள்?"

அனுப்பினால் அவள் திரும்பி வரமாட்டாள். இந்த ஊரில் அப்படிப் போன மூன்று பேரை எனக்குத் தெரியும்.

ஜூலை 17

இன்று கூட்டத்தில் தப்பைத் திருத்தப் போனேன். எழுந்து நின்று, வகுப்பில் தப்புக் கணக்கை அழித்துப் போடுவதுபோல, சொன்னேன்: "ஏப்ரல்ல நான் சொன்ன உதாரணம் தப்பு. பெத்தவ அழறதுதான் சரி. அந்தக் குழந்தைக்காக அவ—"

அதற்குள் சலிசு தலைப்பாகைத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். எழுந்து போய்விட்டான். அப்போதுதான் உறைத்தது. அவன் மூத்த குழந்தையைப் பற்றி, அவன் முகத்துக்கு நேரே, பத்துப் பேர் நடுவில் பேசியிருக்கிறேன். அவமானப்படுத்தியிருக்கிறேன்.

"வாத்தியாருக்கு வயசாயிருச்சு" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். சய்புகூடக் கேலி பேசவில்லை.

கரும்பலகையில் எழுதியதை அழிக்கலாம். இதை?

ஜூலை 18

காலையிலேயே அனுப்பிவிட்டான். கழுதை வண்டி, ஒரு பெட்டி, அவள். நான் வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்து, மரியாதைக்கு லேசாக முழங்கால் மடக்கி வணங்கினாள்.

திட்டியிருக்கலாம்.

ஜூலை 26

எட்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது? ஹஸ்ஸியாவிடம் போனேன், ஊர்த் தலைவரிடம் போனேன். தலைவர் தேநீர் மூன்று சுற்று கொடுத்தார், வெயில் பற்றிப் பேசினார்.

இன்று மூத்த மகன் தலைநகர் நியாமேயிலிருந்து போன் செய்தான். வழக்கம்போல என் மனைவி ரபி போனை எடுத்து, ஒரு சொல் பேசாமல், என்னிடம் நீட்டினாள். நாற்பது வருஷமாக அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேசி முடித்ததும் டெலுவைப் பற்றிப் புலம்பினேன். அவ அழட்டும்னுதானே சொல்ல வந்தேன், அது தப்பா என்றேன்.

ரபி தட்டைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அழக்கூடாதுன்னு யாரும் அவ வாயைப் பொத்தல. அழாததுக்கு நீங்க பரிசு குடுத்தீங்க. பரிசை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?"



ஆகஸ்ட் 2

மனநோய் பார்க்கும் நர்ஸ் சிண்டர் நகரிலிருந்து மாதம் ஒரு முறை வருகிறார். டெலுவின் அப்பா ஊருக்கும் அவரை அழைத்துப் போகலாம் என்கிறாள் ஹஸ்ஸியா. "ஆனா புருஷன் கூட வரணும். மருந்து பாதிதான், வாத்தியாரே. மீதி அவன்கிட்ட இருக்கு."

சலிசுவிடம் ஆள் அனுப்பிச் சொன்னேன். வரவில்லை. மாமனார் வீட்டு முற்றத்தில் மருமகன் போய் உட்கார்வதே வெட்கம். அதுவும் அனுப்பிவைத்தவளைத் தேடிப் போவதா?

ஆகஸ்ட் 9

நண்பகலில் அவனே வந்தான். மூன்று வாரத்தில் இளைத்துப்போயிருந்தான். உட்காரவில்லை.

"அவகிட்ட என்ன சொல்லணும்னு எழுதிக் குடுங்க. பாடம் பண்ணிட்டுப் போறேன்."

காகிதம் எடுத்தேன். 'பொறுமை' என்று ஆரம்பித்தேன். கிழித்தேன். 'எல்லாம் இறைவன் செயல்' என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். ஒரு உதாரணம்கூட வரவில்லை. வராததே நல்லது.

"எனக்குத் தெரியலடா, சலிசு" என்றேன்.

"உங்களுக்கே தெரியலைன்னா..." என்று என்னையே பார்த்தான். பிறகு போய்விட்டான்.

ஆகஸ்ட் 14

போயிருக்கிறான்! தனியாக.

இன்று சந்தையில் என்னை ஒதுக்குப்புறமாக இழுத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். மாமனார் வெளியே போயிருந்தாராம். டெலு தவிடு சலித்துக்கொண்டிருந்தாள். இவன் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பவும் சலிக்கப் போனாள். நிழல் சுவரிலிருந்து கிணறுவரை நகர்ந்துவிட்டது. சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"கிளம்பிடலாம்னு எழுந்தேன், வாத்தியாரே. அப்ப தானா வாயில வந்துருச்சு. ஃபுரேரான்னு."

குழந்தையின் பெயர். நாலு வருஷத்தில் அவன் ஒருமுறைகூடச் சொல்லாத பெயர்.

சல்லடை நின்றதாம். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாளாம்.

சொல்லியிருக்கிறான்.

"நீங்களும் அவளுக்கு அப்பாதானா?" என்று கேட்டிருக்கிறாள். அப்புறம் தவிட்டிலேயே கவிழ்ந்து அழுதிருக்கிறாள். அவள் அம்மா ஓடிவந்து, "வாயை மூடுடி, ஊருக்குக் கேக்கும்" என்று அதட்டியும் நிறுத்தவில்லையாம்.

"நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. உக்காந்திருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுவும் தப்பா, வாத்தியாரே?"

ஆகஸ்ட் 30

டெலு திரும்பி வரவில்லை. அறுவடை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாளாம். பிறகும் வருவாளா, தெரியாது. போன வாரம் சலிசு ஹஸ்ஸியாவையும் அந்த நர்ஸையும் கூட்டிப் போனான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எடை இன்னும் நாற்பத்தொன்றுதான். சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். திங்கள்தோறும் இவன் கழுதையேறிப் போகிறான்.

"வாராவாரம் பொண்ணு பாக்கப் போறான்டா, மாப்பிள்ளை!" என்று சய்பு தெருவே கேட்கக் கத்துகிறான். சலிசு திரும்பிப் பார்ப்பதில்லை. நேற்று கழுதைக்குத் தண்ணீர் காட்டியது சய்புதான்.

நான் செய்தது எதுவும் உதவவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். டெலுவின் பெயரை எடுக்க மாட்டேன், சலிசுவின் பெயரையும். பன்னிரண்டு பேருக்கும் வீட்டுப்பாடம் மட்டும் கொடுக்கப் போகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

உன் வீட்டில் யாரும் சொல்லாமல் தவிர்க்கும் ஒரு பெயரை இன்று உன் மனைவியிடம் ஒருமுறை சொல். பிறகு எழுந்து போகாமல் உட்கார்ந்திரு.