நண்டு வளையும் உன் அளவுக் கம்பும்

அண்ணே,

இன்று காலை பரணைத் துடைத்தபோது உன் அளவுக் கம்பு கையில் தட்டுப்பட்டது. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கு வைத்த காலத்தில் மடையோரம் ஊன்றி வைப்பாயே, அதே கம்பு. நீ போய்ச் சேர்ந்ததும் உன் மகன் தூக்கி எறிந்தான்; நான்தான் எடுத்து வந்தேன். கரையான்கூட அதைத் தொடவில்லை. அதற்கும் ருசி தெரியும் போல.

ஒரு கம்பு, நாலு கீறல். அதை வைத்துக்கொண்டு கீழக்குயில்குடி வயல் முழுவதையும் அளந்துவிட்டதாக உனக்கு நினைப்பு. மூன்றாவது கீறல் நனைந்தால் எல்லார் வயலும் நிறைந்த கணக்கு. மடையை அடைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவாய்.

கடைசி வயலில் என் நாற்று காய்ந்த வருஷம் நினைவிருக்கிறதா? வரப்பெல்லாம் நண்டு வளை, விட்ட தண்ணீர் ஓடைக்குப் போகிறது என்று ஓடி வந்து சொன்னேன்.

“கம்புல மூணு கீறல் நிக்குது. நண்டு வளையை எண்ணிக்கிட்டா இருக்க முடியும்? அஞ்சாப்பு படிச்சவ எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டா!” என்றாய். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னை அஞ்சாப்போடு நிறுத்தியதே நீதான். ஒரு தடவை வந்து குனிந்து பார்க்க உன் வெள்ளை வேட்டி இடம் கொடுக்கவில்லை. நாற்று அத்தனையும் கருகியது.

என் பேத்தி கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவள் எழுதியதை வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டாராம். போன வாரம் மூஞ்சியைத் தொங்கப்போட்டு வந்து, “படிப்பை விட்டுர்றேன் அப்பத்தா” என்றாள். என்ன தப்பு என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்களாம். ஒரு கட்டத்துக்குள் நம் ஊரிலிருந்து, பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற டி. கல்லுப்பட்டி வரைக்கும் அடங்கும். அதற்குள் எங்கே பார்த்தாலும் ஒரே அளவு சூடு, ஒரே அளவு ஓட்டம் என்றுதான் கணக்கு. கட்டத்தைவிடச் சின்னச் சுழிகள் கணக்கில் தெரியவே தெரியாது.

“தெரியலைன்னா விட்டுற வேண்டியதுதானடி?” உன்னைப் போலவே கேட்டுப் பார்த்தேன்.

“விட்டா கடலே தப்பா ஓடும் அப்பத்தா. சுழிதான் சூட்டையும் உப்பையும் கலக்குது. தெரியிற பெரிய ஓட்டத்தை வச்சு, தெரியாத சுழி எம்புட்டுக் கலக்கும்னு ஒரு விதி எழுதணும். நான் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அளவைப் போட்டுட்டேன்.”

“அப்படியே எங்கண்ணன் புத்தி!” என்றேன்.

உன் கதையைச் சொன்னேன். உனக்குப் பிறகு நாங்களும் வளைகளை எண்ணவில்லை என்றேன். மண் இளகலா, வரப்பு பழசா, ஓடை பக்கமா என்று பார்ப்போம். புதுக் கம்பு ஒன்றில் உன் மூன்று கீறலுக்கு மேல், இறுகின வரப்புக்கு அரைக் கீறல் கூட விடுவோம், இளகின வரப்புக்கு ஒரு கீறல் கூட. அதற்குப் பிறகு கடைசி வயலில் நாற்று காயவில்லை.

“வாத்தியாரும் இதைத்தான் சொல்றாரு. இடத்தைப் பாத்து அளவை மாத்தணுமாம்” என்று சிரித்தாள். அன்றைக்கே கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தவள், நேற்றுதான் கல்லூரிக்குப் பஸ் ஏறினாள். படிப்பை விடுகிற பேச்சு இப்போது இல்லை.

உன் கம்பை அடுப்பில் வைக்கத்தான் இறக்கினேன். மனசு வரவில்லை. சாயங்காலம் அதை ஊன்றிக்கொண்டு கடைசி வரப்புக்குப் போய், கண்ணில் பட்ட நண்டு வளைகளில் எல்லாம் விட்டுப் பார்த்தேன்.

ஒரு வளையில் உன் மூன்றாவது கீறல் வரைக்கும் போனது.