தலைப்பாகை மிதந்த காட்சி

ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

அழவைக்கும் டாக்கிப் படங்களால் பேர் வாங்கிய நான் எடுத்த முதல் சிரிப்புப் படம் இன்று கோட்டாற்றுக் கொட்டகையில் ஓடியது. அதில் அலை ஒரு மீனவனின் கட்டுமரத்தைக் கவிழ்த்துவிடும். ஆளைக் காணோம், தலைப்பாகை மட்டும் மிதக்கும். பிறகு அவன் தும்மிக்கொண்டே எழுந்து வருவான். வயல்காட்டில் வளர்ந்த எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது.

தரை டிக்கெட்டில் இருந்த கடியப்பட்டணத்து மீனவப் பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. தலைப்பாகை மிதந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

படம் விட்டதும் வாசலில் ஒருத்தி என்னைக் கும்பிட்டாள். "எங்க வீட்டுக்காரரு கடல்ல போனப்ப தலக்கெட்டு மட்டுந்தான் கரைக்கு வந்துது ஐயா. ஒங்க படத்துலயாவது ஆளு திரும்பி வந்துட்டாரே. நீங்க நல்லாருப்பிய."

சிரிக்கவைக்கத்தான் அதை எடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. கும்பிடை வாங்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.

நல்லா இருப்பேனாம், நான்.